தோட்டத்துக்குள்ளே ஒரு தோட்டம்

மலையகத்தில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் நாம் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்வோம். "தோட்டம் போட்டிருக்கோம்" என்று அம்மா சொன்னால், அது லயத்துக்குப் பின்னால் உள்ள நான்கு கீரைப் பாத்திகள். முதலாவது மலை மலையாக விரிந்தது. அதில் ஓர் அடி நிலமும் நம்முடையதன்று. இரண்டாவது ஒரு காம்பரா அளவுதான் இருக்கும். அந்த நிலத்துக்கும் நம்மிடம் உறுதி கிடையாது. ஆனாலும் அதில் விளைந்ததை நம் வீட்டார்தான் பறித்தார்கள், நம் வீட்டார்தான் விற்றார்கள்.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் இன்னும் வாழும் பழைய மாணவியர் சிலர் கூடிப் பேசினோம். அதிபர்களின் வரிசையையும் கட்டடங்களின் கதையையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுத வேறு பலர் இருக்கிறார்கள். பாடசாலைத் தோட்டத்தைப் பற்றி எழுத எவரும் முன்வரமாட்டார்கள் என்று தோன்றியதால் நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். மலையகப் பிள்ளைகளுக்குப் பயிர்ச்செய்கையையும், அதைக் கொண்டு சொந்தமாகச் சம்பாதிக்கும் வழியையும் கற்பிக்க இந்த நூறாண்டில் நடந்த முயற்சிகள் எவை? அவற்றில் எவை நிலைத்தன? நிலைக்காதவை ஏன் நிலைக்கவில்லை? இவற்றுக்கே இங்கே விடை தேடுகிறோம்.

லயத்தின் பின்புறம்

நம் முன்னோர் மண்வெட்டி பிடிக்க இங்கே வந்து கற்றுக்கொண்டவர்கள் அல்லர். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து உழவுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். விதை, எரு, மழை, பருவம் எல்லாம் அறிந்தவர்கள். இங்கே வந்ததும் செக்ரோலில் ஒரு பேராக மாறினார்கள். எதை நடுவது, எப்போது வெட்டுவது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றைத் துரையும் கம்பனியும் தீர்மானித்தார்கள்.

அவர்களுடைய உழவு அறிவு உயிரோடு இருந்த ஒரே இடம் லயத்தின் பின்புறம். காலைப் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள், வெளிச்சம் இருக்கும்வரை அங்கே குனிந்து நின்றார்கள். போஞ்சிக்குக் கொம்பு நட்டார்கள். கூரை ஓரத்தில் சௌசௌ கொடி ஏற்றினார்கள். அடுப்புச் சாம்பலும் மாட்டுப்பட்டிச் சாணமும் எருவாயின. பெண் பிள்ளைகள் பீலித் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். வீட்டுக்கு மிஞ்சிய கீரை கட்டுக் கட்டாக அடுத்த லயத்துக்குப் போனது. வந்த சில்லறை சீட்டுக்குப் போனது, அல்லது அரிசிப் பானைக்குள் மறைந்தது. இதை அக்காலத்தில் எவரும் சுயதொழில் என்று சொல்லவில்லை. ஆயினும் முதலீடு, உழைப்பு, விற்பனை, சேமிப்பு நான்கையும் நம்மில் பலர் முதலில் பார்த்தது அங்கேதான்.

இதற்கு ஓர் எல்லையும் இருந்தது. பாத்தி நிர்வாகத்தின் தயவில் இருந்தது. துரை மாறினால் பாத்தியின் கதியும் மாறலாம். அதனால் மூன்று மாதத்தில் பலன் தருவதை நட்டார்களே தவிர, மூன்று வருடத்தில் பலன் தருவதை நடத் துணியவில்லை.

அரைநாட் பள்ளியும் விதைப் பொட்டலமும்

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கிய முதல் சட்டம் 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நிர்வாகம் கல்வி வசதி செய்து தர வேண்டும் என்று அது கூறியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை மேலும் இறுக்கியது. நடைமுறையில் கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அரைநாட் படிப்பு. மீதி அரைநாளில் பிள்ளைகள் மலைக்குப் போய் அரைப்பேர் போட்டார்கள்.

அதே காலத்தில் இலங்கைக் கிராமப் பாடசாலைகளில் வேறொரு முயற்சி நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கம் பாடசாலைத் தோட்டத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. சி. டிரீபர்க் என்பவர் பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராக இருந்தார். 1904இல் தோன்றிய இலங்கை விவசாயச் சங்கத்தின் செயலாளராகவும் அவர் பணியாற்றினார். பாடசாலைகளுக்கு விதைகள் அனுப்பப்பட்டன. ஆசிரியர்களுக்கு ஆலோசனை தரப்பட்டது. பிள்ளைகள் பாடசாலையில் பார்த்த புதிய பயிரை வீட்டிலும் நடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. பிள்ளையின் வீட்டுக்குச் சொந்த நிலம் இருக்கும் என்பதுதான் இந்த எதிர்பார்ப்பின் அடிப்படை. கிராமத்தில் அது பொருந்தியது. லயத்தில் பொருந்தவில்லை.

இந்த எண்ணத்தின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபல் 1840இல் சிறுவர் பள்ளிக்கு வைத்த பெயரே 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும். அவர் வகுத்த தோட்டத்தில் பொதுப் பாத்திகளும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே ஒரு சிறு பாத்தியும் உண்டு. அந்தத் தனிப் பாத்தியை வாசகியர் நினைவில் வைத்திருக்கும்படி கேட்கிறோம். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

பெற்றோர் ஏன் தயங்கினார்கள்

1930களில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், கண்டிக்கு அண்மையில் உள்ள ஹந்தெஸ்ஸவை மையமாகக் கொண்டு கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று நடந்தது. பயிர்ச்செய்கை, கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றைச் சுற்றிப் பாடங்கள் அமைந்தன. 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதே திசையில் சென்றது. ஆனால் ஹந்தெஸ்ஸத் திட்டம் நாடெங்கும் வேரூன்றவில்லை. அதே கன்னங்கராவின் பெயரால் இன்று நாம் நினைவுகூருவது 1945இல் வந்த இலவசக் கல்வியையே.

பெற்றோர் கேட்ட கேள்வி எளிமையானது: நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், நம் பிள்ளைக்கு மண்வெட்டியா? 1965இல் பிலிப் ஃபொஸ்டர் என்ற ஆய்வாளர் ஆபிரிக்காவின் கானா நாட்டைப் பற்றி எழுதியதும் இதைத்தான். தொழிற்கல்வியைப் பெற்றோர் ஒதுக்குவது அறியாமையால் அன்று, எந்தப் படிப்புக்கு எந்தச் சம்பளம் கிடைக்கிறது என்பதை அவர்கள் சரியாகக் கணக்குப் பார்ப்பதால்தான் என்று அவர் காட்டினார்.

தோட்டப் பெற்றோருக்கு இந்தக் கணக்கு இன்னும் கசப்பானது. அவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதே முள்ளும் சுரண்டியும் கூடையும் அவள் தோளுக்கு வரக்கூடாது என்பதற்காக. அங்கேயும் அவளைப் புல்லு வெட்ட விட்டால் அவர்கள் மனம் எப்படி இருக்கும்? "மண்ணைக் கிண்டுறதுக்கு வீட்டிலயே இருந்திருக்கலாமே" என்று நம் தாய்மார் சொன்னதில் ஒரு நூற்றாண்டின் அனுபவம் இருந்தது. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோன மக்கள் அவர்கள். பிள்ளையின் படிப்பைத் தவிர அவர்கள் கையில் வேறொன்றும் மிஞ்சவில்லை.

பஞ்ச காலத்துப் பாடங்கள்

பாடசாலைத் தோட்டம் நாட்டின் நினைவுக்கு வந்ததெல்லாம் பசி வந்தபோதுதான். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரவு நின்றது, பங்கீடு வந்தது, தேயிலைத் தோட்டங்களிலும் உணவுப் பயிர் செய்யும்படி வற்புறுத்தப்பட்டது. யுத்தம் முடிந்ததும் ஆர்வமும் முடிந்தது.

அடுத்தது எங்களில் மூத்தவர்களின் நேரடி அனுபவம். 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அந்நாளில் பாடசாலையின் வெற்று நிலமெல்லாம் மரவள்ளியாகவும் வற்றாளையாகவும் மாறியது. வகுப்பு வகுப்பாக வெட்டினோம், நட்டோம், கிழங்கு பிடுங்கினோம். பசித்த வயிற்றுக்கு அது சோறானது; அதை மறக்க முடியாது.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒன்று இல்லை. எவ்வளவு விதைத்தோம், என்ன செலவானது, எவ்வளவு கிடைத்தது, கடையில் வாங்கியிருந்தால் என்ன விலை என்று ஒரு வரியும் எழுதவில்லை. எல்லாருக்கும் பொதுவான பாத்தி எவருக்கும் சொந்தமாகவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் பாடத்திட்டமும் மாறியது. பாத்திகளில் மீண்டும் மானா வளர்ந்தது.

1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. ஜெர்மன் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் பயிற்றப்பட்ட ஆசிரியைகளாகத் தம் தோட்டத்துப் பாடசாலைக்கே திரும்பினார்கள். இது நம் தாய்மாரின் கணக்கு சரியென்று காட்டியது. படிப்புத்தான் வழியைத் திறந்தது.

கணக்குப் புத்தகம் வந்தபோது

அப்படியானால் தோட்டம் போடுவதைக் கற்பிக்கவே வேண்டாமா? எங்கள் விடை: வேண்டும்; மண்வெட்டியோடு கணக்குப் புத்தகமும் சேர்ந்து வர வேண்டும்.

இந்த இணைப்பு இலங்கைப் பெண்களுக்குப் புதிதன்று. கனடாவில் பிறந்து இலங்கைத் தமிழரை மணந்த வைத்தியர் மேரி இரட்ணம் 1930இல் லங்கா மகிளா சமிதியை ஆரம்பித்தார். கனடாக் கிராமங்களின் மாதர் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, கிராமப் பெண்கள் கூடிச் சுகாதாரமும் வீட்டுத்தோட்டமும் கைப்பணியும் கற்க அது வழி செய்தது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பெண்ணின் கையில் சிறிதளவேனும் சொந்தப் பணம் இருந்தால் குடும்பத்தின் உணவும் பிள்ளையின் படிப்பும் மாறும் என்பதை அந்தச் சங்கங்கள் நடைமுறையில் காட்டின.

தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தச் சொந்தப் பணம் வெகுகாலம் கிட்டவில்லை. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அதன் பிறகும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கும் வழக்கம் இருந்தது. கீரைக்கட்டு விற்ற காசு மட்டும் அவள் கைக்கு நேராக வந்தது. தொகை சிறிது, ஆனால் கொப்பி வாங்கவும், பரீட்சைக்குப் போகும் பஸ் செலவுக்கும் நம்மில் எத்தனையோ பேருக்கு உதவியது அந்தக் காசுதான். இதை வாசிக்கும் அக்காமார் பலர் தலையசைப்பார்கள் என்று நினைக்கிறோம்.

இன்றைய பாடத்திட்டத்தில் 'விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்' ஒரு பாடம். 'தொழில் முயற்சியாண்மைக் கல்வி' இன்னொரு பாடம். ஒன்றில் மண், மற்றதில் வரவு செலவு. இரண்டும் ஒரே பாத்தியில் சந்திக்க வேண்டும். ஃபுரோபல் சொன்ன தனிப் பாத்தியை ஒரு மாணவிக்குக் கொடுத்து, விதைக்கும் எருவுக்கும் ஆன செலவையும் விற்ற விலையையும் அவளே எழுதி, மிஞ்சியதை அவளே தன் சேமிப்புப் புத்தகத்தில் போட்டால், அது கூலி வேலைக்கு ஒத்திகையாக இராது. எதை நடுவது என்று தீர்மானிப்பவள் அவள். நட்டம் வந்தால் ஏன் வந்தது என்று தேடுபவளும் அவள். முன்னோர் செக்ரோலில் இழந்த உரிமை இதுவே.

நோட்டன் பிரிட்ஜ் மண்ணில்

பாடப்புத்தகத்தில் 'மலைநாட்டு மரக்கறி' என்றால் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு. அவை ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவின் பயிர்கள். நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கம் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளது. வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் பகுதி. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் இடங்கள் இங்கே உண்டு. இந்த மழையை நம்பித்தான் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் திட்டத்தை வற்புறுத்தினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. விளக்கெரிய வைத்த அதே மழை, விதைத்த பாத்தியை ஒரே இரவில் கழுவிக்கொண்டு போகும்.

ஆகவே இங்கே முதற்பாடம் வடிகான். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, உயர்த்திய பாத்தி போட்டு, வெறும் மண் தெரியாதபடி சருகு மூட வேண்டும். இரண்டாவது பாடம் புளிப்பு. தேயிலை புளித்த மண்ணை விரும்பும்; மரக்கறி விரும்பாது. டொலமைட் போட்டுப் புளிப்பைக் குறைக்காமல் நட்டால் போஞ்சி மஞ்சளித்து நிற்கும். நம் அம்மாமார் அடுப்புச் சாம்பல் போட்டதும் இதே வேலையைத்தான் செய்தது. அவர்கள் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைக்கவில்லை.

மூன்றாவது பாடம் காலம். கங்குன் ஒரு மாதத்துக்குள் முதல் வெட்டுக்கு வரும். போஞ்சி ஒரு தவணைக்குள் காய்த்து முடியும். இஞ்சிக்கு எட்டு ஒன்பது மாதம் வேண்டும். பாடசாலை ஆண்டின் தொடக்கத்தில் நட்டால் ஆண்டிறுதிப் பரீட்சைக்கு முன்பின்னாகக் கிண்டலாம். மிளகுக் கொடி பலன் தர மூன்று ஆண்டு போல ஆகும்; எட்டாம் தரத்தில் நட்டவள் சாதாரண தரம் எழுதும் நாளில் காய் பறிப்பாள். கங்குன் விற்ற காசில் போஞ்சி விதை வாங்கி, போஞ்சி விற்ற காசில் இஞ்சி நட்டு, மிளகுக்காகக் காத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதலீட்டைப் பற்றித் தனியே விரிவுரை தேவையில்லை. லயத்துப் பின்புறத்தில் நம் பாட்டிமார் மிளகு நடத் துணியவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு அந்த மண் தம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கவில்லை.

மண் யாருடையது?

இந்தக் கதை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது. இன்று இலங்கைத் தேயிலையில் எழுபது வீதத்துக்கும் மேற்பட்டது சிறுதோட்ட உடைமையாளரின் நிலத்திலிருந்து வருகிறது. அந்தச் செடியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நம் மக்களோ பெரும்பாலும் அந்த உடைமையாளர் வரிசையில் இல்லை. புதிய வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்த குடும்பங்கள் உள்ளன. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சும் இடத்தில் பத்துப் பாத்தி போடலாம். ஒரு மிளகுக் கொடியும் நடலாம், அது இனி நம்முடையது என்பதால்.

2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அவ்வாண்டு நவம்பரில் நீங்கியது. அடுத்த ஆண்டு நாடே வரிசையில் நின்றது. வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தார்கள். கொழும்பில் மாடி வீடுகளில் இருந்த நம் சகோதரிகள் பலர் பெயின்ற் வாளியிலும் அரிசிப் பையிலும் மிளகாயும் பொன்னாங்காணியும் வளர்த்தது அப்போதுதான். நிலமில்லாத நகரத்தில் ஒரு வாளி மண்ணை வைத்துச் சமாளிக்க அவர்களுக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. லண்டனில் நகரசபையிடம் வாடகைக்கு நிலத்துண்டு எடுத்துப் பூசணி போடுபவர்களுக்கும், 1964 ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்குப் போய்க் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் வேர் பிடித்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சகோதரிகளிடம் கேட்பது

நூறாண்டு வரலாறு எங்களுக்குச் சொன்னது இது: பசிக்காகப் போட்ட பாடசாலைத் தோட்டம் பசியோடு முடிந்தது, பிள்ளைகளைத் தோட்டத்திலேயே நிறுத்திவைப்பது போல் தோன்றிய தோட்டத்தைப் பெற்றோர் ஒதுக்கினார்கள், விளைச்சலும் கணக்கும் உழைத்தவள் கையில் இருந்த சிறு பாத்திதான் தலைமுறை தாண்டி வந்தது. எனவே நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று பலரும் கேட்கும் இவ்வேளையில் எங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பாடசாலையில் விரும்பும் மாணவி ஒவ்வொருத்திக்கும் ஒரு பாத்தியும் ஒரு கணக்குக் கொப்பியும் கிடைக்கட்டும். விதைப்பணம் நன்கொடையாக வேண்டாம், கடனாக இருக்கட்டும். அறுவடைக்குப் பின் அவள் திருப்பித் தந்தால் அடுத்த பிள்ளைக்கு அது போகும். படிப்பு நேரத்தைத் தோட்டம் எடுக்கக்கூடாது. நம் தாய்மார் கேட்ட கேள்வி இன்னும் செல்லுபடியாகும். வர்த்தகம், வங்கி, கணக்கியல் துறைகளில் இருக்கும் சகோதரிகள் ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்துக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் விதை அனுப்ப வேண்டாம்; அனுமதியில்லாமல் வரும் விதையைத் தாவரத் தொற்றுத்தடை அதிகாரிகள் விடமாட்டார்கள். இங்கே கிடைக்கும் விதையே இந்த மழைக்குப் பொருந்தும்.

ஊருக்கு வரும் சகோதரிகள் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு கட்டுக் கீரையாவது வாங்குங்கள். விலை பேசியே வாங்குங்கள். அவர்கள் அதையும் எழுதிவைக்கட்டும்.